நிலாவா, யூரியாவா, அம்மை ஊசியா?

மனித குலத்தின் ஆகப்பெரிய சாதனை எது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் நிலவில் கால் வைத்ததைச் சொல்வார்கள். கொஞ்சம் யோசிக்கிறவர்கள் எழுத்து, சக்கரம், பூஜ்ஜியம் என்று பின்னால் போவார்கள். கூட்டத்தில் விவசாயம் தெரிந்த ஒருவர் இருந்தால் "உரம்தாங்க" என்பார், மற்றவர்கள் சிரிப்பார்கள். டீக்கடையில் பேசிவிட்டுக் கலைந்துபோக நல்ல கேள்விதான். ஒன்றே ஒன்றைத்தான் எடுக்க வேண்டும், எடுத்ததற்குக் காரணமும் சொல்ல வேண்டும் என்று வரும்போதுதான் திணறல் தொடங்குகிறது.

எனக்கு அப்படி வந்துவிட்டது. எங்கள் ஊர் நூலகத்தின் சிறுவர் பகுதி வாசலில் ஆளுயரப் பலகை ஒன்று வைப்பதென்று வாசகர் வட்டத்தில் முடிவானது. ஒரு பலகை, ஒரு சாதனை. எதை வைக்கலாம் என்று ஒப்பிட்டு எழுதித் தரும் வேலை என்னிடம் வந்தது. அந்தக் குறிப்பின் விரிவுதான் இது.

சிலவற்றை முதலிலேயே தள்ளிவிட்டேன். நெருப்பைப் பழக்கியது நம் இனம் தோன்றுவதற்கு முந்திய கதை. அதில் நமக்குப் பங்கு கேட்க முடியாது. சக்கரம் பெரிய விஷயம்தான், ஆனால் வண்டிச் சக்கரமே இல்லாமல் இன்காக்கள் ஆண்டிஸ் மலைத்தொடர் நெடுகச் சாலை போட்டுப் பேரரசு நடத்தியிருக்கிறார்கள். இணையத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல இன்னும் காலம் ஆகவில்லை. பூஜ்ஜியத்தை விடுவதுதான் மனசுக்குச் சங்கடமாக இருந்தது. 628இல் பிரம்மகுப்தர் பூஜ்ஜியத்தோடு கூட்டவும் கழிக்கவும் விதி எழுதியது சாதாரணக் காரியமல்ல. ஆனால் அதைப் பலகையில் எப்படிக் காட்டினாலும் கடைசியில் ஒரு வட்டம்தான் மிஞ்சும்.

மிச்சம் நான்கு: எழுத்து, நிலவு, காற்றிலிருந்து எடுத்த உரம், பெரியம்மையை ஒழித்தது.

எவ்வளவு கடினம் என்பதை நான் அளவுகோலாக எடுக்கவில்லை. கடினமான வீண்வேலைகள் உலகத்தில் நிறைய உண்டு. அது யார் யாருக்குப் போய்ச் சேர்ந்தது, கூடவே என்ன கேட்டைக் கொண்டுவந்தது, பின்னால் வருகிறவர்களின் தலையில் என்ன வேலையை ஏற்றிவிட்டுப் போனது என்று மூன்றை மட்டும் கேட்டேன். மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. இந்த ஒப்பீட்டில் முடிவைத் திருப்பியது அதுதான்.

நிலவிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் வாசகர் வட்டத்தில் அதற்குத்தான் கைகள் அதிகம் உயர்ந்தன. 1961இல் கென்னடி அறிவித்தார். 1969 ஜூலை 20இல் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் இறங்கினார்கள். எட்டே ஆண்டுகள். சுமார் 4 லட்சம் பேர் உழைத்தார்கள், அந்தக் காலத்து மதிப்பில் 2,500 கோடி டாலர் செலவானது. 1972 டிசம்பருக்குள் ஆறு தடவை இறங்கி, 12 பேர் நடந்து, 382 கிலோ கல்லும் மண்ணும் அள்ளி வந்தார்கள். அத்தோடு நின்றது. பொறியியலாக இதற்கு ஈடு சொல்ல என்னால் முடியவில்லை. ஒவ்வொரு உறுப்பும் முதல் தடவையே வேலை செய்ய வேண்டும். நடுவழியில் நிறுத்திப் பழுது பார்க்க முடியாது.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு சம்பவம் இருக்கிறது. அப்பல்லோ 11 கிளம்புவதற்கு முந்தைய நாள், மார்ட்டின் லூதர் கிங்கின் சகாவான ரால்ஃப் அபர்நாதி, ஏழைக் குடும்பங்களைத் திரட்டிக்கொண்டு கோவேறு கழுதை பூட்டிய வண்டிகளோடு ஏவுதளத்துக்கே வந்து நின்றார். நாட்டில் பிள்ளைகள் பசியோடு இருக்கும்போது இது என்ன செலவு என்பது அவருடைய கேள்வி. நாசாவின் தலைவர் தாமஸ் பெய்ன் வெளியே வந்து அவரைச் சந்தித்தார். நாளைக்குப் பொத்தானை அழுத்தாமல் விட்டால் வறுமை தீருமென்றால் நாங்கள் அழுத்தவே மாட்டோம் என்ற பொருளில் பதில் சொன்னார். பெய்ன் சொன்னது உண்மைதான். ராக்கெட்டை நிறுத்தியிருந்தால் அந்தப் பணம் அபர்நாதியின் மக்களுக்குப் போயிருக்காது. அபர்நாதி கேட்டதும் நியாயம்தான். அவருடைய ஆட்களில் சிலருக்கு ஏவுதலை அருகிலிருந்து பார்க்க இடம் கொடுத்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த பங்கு அவ்வளவுதான்.

யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்ற கேள்விக்கு நிலவால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. பெருமை எல்லோருக்கும் சேர்ந்தது, அதை மறுக்கவில்லை. அறிவியலும் வளர்ந்தது. சந்திரயானின் ஊர்தியைச் சோதித்துப் பார்க்க நாமக்கல் பக்கத்துச் சித்தம்பூண்டிப் பாறையைப் பொடித்து நிலவு மண் செய்தார்கள் என்றால், அந்த மண் எப்படி இருக்கும் என்று தெரிந்ததற்கு அப்பல்லோ கொண்டுவந்த கற்களும் காரணம். ஆனால் இறங்கிய இடத்தில் விட்டுவந்த தகட்டில் "மனித குலம் அனைத்துக்காகவும்" என்று எழுதிய அந்த வேலை, சோவியத்தை முந்துவதற்காகத் தொடங்கியது, முந்தியதும் ஆர்வம் வற்றிப்போனது. நல்லதுதான், யாருக்கும் பெரிய கேடு இல்லை. மூன்று கேள்விகளில் இரண்டாவதில் மட்டும் நல்ல மதிப்பெண்.

எழுத்து என் சொந்த விருப்பம். நூலக வாசலில் வைக்கப் பொருத்தமும்கூட. சுமேரியர்களின் உருக் நகரத்தில் 5,000 ஆண்டுகளுக்கும் முன்னால் ஈரக் களிமண்ணில் கோரைக் குச்சியால் கீறியவற்றில் பெரும்பாலானவை வாற்கோதுமைக் கணக்கும் பியர் பங்கீடும்தான். காவியம் எழுத யாரும் எழுத்தைக் கண்டுபிடிக்கவில்லை. கணக்குப்பிள்ளைகளின் கைவேலை அது. நமக்குப் பக்கத்தில் பார்த்தால் கீழடிப் பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்று பெயர்கள் கீறியிருக்கின்றன. பானை இன்னாருடையது என்று சொல்ல எழுத்து போதுமான அளவுக்கு ஊரில் புழங்கியிருக்கிறது என்று நினைக்கும்போது உற்சாகமாக இருக்கிறது.

இருந்தும் எழுத்தை ஏன் பின்னால் தள்ளினேன்? அதன் வரலாற்றில் மிகப் பெரும் பகுதி, மற்றவர்களுக்குக் கிடைக்காமல் பார்த்துக்கொண்ட வரலாறு. வரிப் பட்டியலும் அடிமை விற்பனைப் பத்திரமும் கடன் முறியும் எழுத்தில்தான் இருந்தன. கைநாட்டு வைத்தவருக்குத் தான் எதற்கு வைத்தோம் என்பது தெரியாது. அந்தக் கதவு பொதுமக்களுக்குத் திறந்தது கடந்த இரண்டு நூற்றாண்டுகளில்தான். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதோடு சைக்கிளும் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். என்னைக் கேட்டால் உருக்கைவிடப் பெரிய சாதனை அது. உலகத்தில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் இன்றைக்கும் 70 கோடிக்கு மேல். எழுத்துக்குப் பலகை வைப்பதென்றால் பாதியைக் காலியாக விட்டு வைக்க வேண்டும்.

இனி உரம். இங்கேதான் எனக்கு உண்மையான தடுமாற்றம்.

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். பயிருக்கு வேண்டிய தழைச்சத்தும் அதுவே. ஆனால் காற்றில் இருக்கும் நைட்ரஜனின் இரண்டு அணுக்கள் ஒன்றையொன்று மூன்று பிணைப்புகளால் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். பயிரால் அதைத் தொடவே முடியாது. அவரைக் குடும்பச் செடிகளின் வேர்முடிச்சில் வாழ்வது போன்ற சில பாக்டீரியாக்களுக்கும் மின்னலுக்கும் மட்டுமே அதைப் பிரிக்கத் தெரியும். அதனால்தான் நம் ஆட்கள் தக்கைப்பூண்டும் கொளுஞ்சியும் விதைத்து மடக்கி உழுதார்கள், அறுப்பு முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டார்கள். ஐரோப்பாவுக்கு அதுவும் போதவில்லை. சிலியின் அட்டகாமா பாலைவனத்து வெடியுப்பைக் கப்பல் கப்பலாக அள்ளினார்கள். 1898இல் பிரிஸ்டலில் வேதியியலாளர் வில்லியம் க்ரூக்ஸ் பகிரங்கமாக எச்சரித்தார்: கோதுமை உண்ணும் நாடுகளில் பஞ்சம் வரப்போகிறது, காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடிக்க வேதியியல் வழி கண்டுபிடித்தாக வேண்டும் என்று.

1909இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹாபர், மேசை மேல் வைத்த கருவியிலிருந்து அமோனியா துளித்துளியாக விழுவதைக் காட்டினார். அதைத் தொழிற்சாலையாக்கும் பொறுப்பு பிஏஎஸ்எஃப் நிறுவனத்தின் கார்ல் போஷுக்கு வந்தது. சூடு 500 டிகிரியை ஒட்டி, அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல 200 மடங்கு. அந்த நிலையில் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதிலிருக்கும் கரியைத் தின்றுவிடும். கலன்கள் விரிசல் விட்டு வெடித்தன. போஷ் செய்த வைத்தியம் எனக்கு மிகவும் பிடித்தது. ஹைட்ரஜனை உள்ளேயே அடைத்துவைக்கும் முயற்சியை அவர் கைவிட்டார். உள்ளே கரியில்லாத மெல்லிரும்பில் ஒரு குழாய், வெளியே தாங்குவதற்கு எஃகு உறை, அந்த உறையில் சின்னச் சின்னத் துளைகள். கசிகிற ஹைட்ரஜன் எஃகைக் கெடுக்காமல் துளை வழியே போய்விடும். வினையூக்கியைத் தேடி ஆல்வின் மிட்டாஷ் ஆயிரக்கணக்கான பொருட்களைச் சோதித்தார். கடைசியில் கைகொடுத்தது ஸ்வீடன் நாட்டு இரும்புத் தாது. 1913இல் ஒப்பாவ் ஆலை ஓடத் தொடங்கியது.

இன்று உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் சாப்பாடு இந்த அமோனியாவை நம்பி இருக்கிறது என்பது கணிப்பு. நம் உடம்பிலிருக்கும் புரதத்தின் நைட்ரஜனில் கணிசமான பங்கு ஏதோ ஓர் ஆலையின் கலன் வழியாக வந்ததுதான். நடவுக்குப் பின் மேலுரமாக வயலில் வீசும் 45 கிலோ யூரியா மூட்டை, தூத்துக்குடி ஆலையிலிருந்து வந்தாலும் கப்பலில் இறங்கி வந்தாலும், அதன் மூலம் 1909இன் அந்தத் துளிகள். தலைகளை எண்ணி முடிவு செய்வதென்றால் ஒப்பீட்டை இங்கேயே முடித்து யூரியா மூட்டையைப் படமாகப் போட்டுவிடலாம்.

இரண்டாவது கேள்வி வருகிறது. 1914இல் போர் மூண்டதும் பிரிட்டன் கடலை அடைத்தது. ஜெர்மனிக்குச் சிலி வெடியுப்பு வரவில்லை. வெடிமருந்து தீர்ந்து போர் சீக்கிரமே ஓய்ந்திருக்க வாய்ப்பு இருந்தது. அமோனியாவை நைட்ரிக் அமிலமாக்கிக் குண்டு செய்ய ஒப்பாவ் இருந்ததால் அது நடக்கவில்லை. ஹாபரே முன்னின்று 1915 ஏப்ரல் 22இல் பெல்ஜியத்தின் இப்ர நகரருகே எதிரிப் படைமீது குளோரின் என்ற நச்சுவாயுவைத் திறந்துவிடச் செய்தார். பத்து நாளில் அவர் மனைவி கிளாரா இம்மர்வார், அவரும் வேதியியலாளர், துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இறந்தார். அமோனியாவுக்காக ஹாபருக்கு 1918ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. 1921இல் ஒப்பாவில் இறுகிக் கிடந்த உரக்குவியலைத் தளர்த்த வழக்கம்போல் வெடிவைத்தபோது குவியலே வெடித்து 500 பேருக்கு மேல் இறந்தார்கள். பெய்ரூட் துறைமுகம் 2020இல் சிதறியதும் இதே வழியில் வந்த அம்மோனியம் நைட்ரேட்டால்.

போரையும் விபத்தையும் மனிதர்களின் குற்றமென்று ஒதுக்கினாலும் மூன்றாவது கேள்வியிலிருந்து தப்ப முடியாது. யூரியாவை ஓர் ஆண்டுகூட நிறுத்த முடியாது. ஆலைக்கு இயற்கை எரிவாயு வேண்டும். எரிவாயு கிடைக்காவிட்டால் உரம் இல்லை. போட்டதில் பயிர் எடுத்துக்கொண்டது போக மிச்சம் ஓடைக்கும் கடலுக்கும் போய், பாசி பெருகி, மெக்சிகோ வளைகுடாவில் மீன் வாழ முடியாத பரப்பை ஆண்டுதோறும் உண்டாக்குகிறது. அதையெல்லாம் பார்த்துவிட்டு ஒரே அடியாக விட்டுவிடலாம் என்று நினைத்த நாடு என்ன பாடுபட்டது என்பதைப் பக்கத்திலேயே பார்த்தோம். இலங்கை 2021இல் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை போட்டது. நெல்லும் தேயிலையும் சரிந்தன. சில மாதங்களில் தடையைத் தளர்த்தியபோது விவசாயிகளின் ஒரு போகம் போயிருந்தது. ஹாபரும் போஷும் நமக்குச் சோறு போட்டார்கள், நிறுத்த முடியாத ஓர் உலையையும் கட்டிவிட்டுப் போனார்கள். நன்றியும் பயமும் சேர்ந்தே வருகின்றன.

ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்துவிடலாமா என்றும் ஒரு கட்டத்தில் நினைத்தேன்: உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர். 1971இல் வங்கதேச அகதிகள் குவிந்த போங்காவ் முகாமில் காலரா பரவியபோது, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோக, திலீப் மஹலனாபிஸ் பீப்பாய்களில் கரைசலை நிரப்பிக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு நான்குக்கும் கீழே வந்தது. அப்புறம் உலகமெங்கும் காப்பாற்றிய உயிர்கள் கோடிக்கணக்கில். மலிவில் இதை மிஞ்ச எதுவுமில்லை. ஆனால் வயிற்றுப்போக்கில் குழந்தைகள் சாவது இன்னும் ஓயவில்லை, பாக்கெட் எட்டாத வீடுகள் இருக்கின்றன. அதனால் விட்டேன், அரைமனதோடு.

இனி பெரியம்மை.

நாற்பதைத் தாண்டாதவர்களுக்கு அது என்னவென்றே தெரியாது. சின்னம்மையைப் பார்த்துவிட்டு அதைக் கொஞ்சம் பெரிதாகக் கற்பனை செய்துகொள்கிறார்கள். வந்தவர்களில் பத்துக்கு மூன்று பேர் செத்தார்கள். பிழைத்தவர்களில் பலருக்கு முகமெல்லாம் குழி, சிலருக்குப் பார்வை போனது. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் 30 கோடிப் பேர் இதில் இறந்திருப்பார்கள் என்று கணக்கிடுகிறார்கள். அந்த நூற்றாண்டின் போர்கள் எல்லாவற்றிலும் செத்தவர்களைவிட அதிகம். நம் ஊரில் நோய் என்று சொல்லவே நாக்கு வராது. "ஆத்தா வந்திருக்கா" என்பார்கள். வாசலில் வேப்பிலை செருகுவார்கள், வீட்டில் தாளிக்க மாட்டார்கள், வெளியாள் உள்ளே வரக் கூடாது, மூன்றாம் தண்ணி ஊற்றிய பிறகுதான் எல்லாம் வழக்கத்துக்கு வரும். வெளியாளை விலக்கியதில் கொஞ்சம் நன்மையும் இருந்தது.

1796இல் எட்வர்ட் ஜென்னர் பால்காரப் பெண் சாரா நெல்ம்ஸின் கையிலிருந்த மாட்டம்மைக் கொப்புளத்து நீரை எட்டு வயது ஜேம்ஸ் ஃபிப்ஸுக்குக் குத்தினார். 1802இல் அது பம்பாய்க்கே வந்துவிட்டது. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் தொடங்கப்பட்டதே அம்மைப்பால் தயாரிக்கத்தான். ஆக, மருந்து இருந்தது. ஆண்டுக்கணக்கில், தலைமுறைக் கணக்கில் இருந்தது. 1967இலும் ஒரே ஆண்டில் ஒரு கோடிப் பேருக்குமேல் பெரியம்மை கண்டது, சுமார் 20 லட்சம் பேர் இறந்தார்கள். இதனால்தான் பலகையில் ஜென்னரின் படம் வேண்டாம் என்கிறேன். கண்டுபிடித்தது 1796; நோய் போனது 1977. நடுவில் 181 ஆண்டுகள். சாதனை அந்தக் கடைசிப் பத்தாண்டில் நடந்தது, அதை நடத்தியவர்களில் பெரும்பாலானவர்களின் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடையாது.

1958இல் மின்னியாபொலிஸில் கூடிய உலக சுகாதாரப் பேரவையில், இந்த நோயை உலகத்திலிருந்தே ஒழிக்கலாம் என்று முன்மொழிந்தவர் சோவியத் மருத்துவர் விக்டர் ஷ்தானோவ். 1967இல் தீவிரத் திட்டம் தொடங்கியபோது தலைமை தாங்கியவர் அமெரிக்கரான டி.ஏ. ஹெண்டர்சன். நிலவுக்குப் போட்டி போட்ட அதே இரண்டு நாடுகள், அதே ஆண்டுகளில், இந்த ஒரு வேலையில் தோளோடு தோள் நின்றன. சோவியத் கோடிக்கணக்கான தடுப்பூசிகளை இலவசமாக அனுப்பியது.

கருவி என்று பார்த்தால் ஓர் ஊசி. விரல் நீளம்கூட இல்லை, நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். மருந்தில் தோய்த்து எடுத்தால் அந்தப் பிளவுக்குள் ஒரு சொட்டு நிற்கும். தேவைக்குக் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. மேற்கையில் செங்குத்தாகப் பிடித்துப் பதினைந்து தடவை விடுவிடுவென்று குத்தினால் முடிந்தது. பழைய முறையில் ஒருவருக்கு ஆன மருந்து நான்கு பேருக்குப் போதும். கொதிக்கவைத்து மறுபடி பயன்படுத்தலாம், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கால் மணி நேரத்தில் கற்றுக்கொடுக்கலாம். மருந்தும் வெயிலில் கெடாதபடி உறைய வைத்து உலர்த்திய பொடி. குளிர்பெட்டி தேடி அலைய வேண்டியதில்லை.

ஊசியைவிடப் பெரியது உத்தி. 1966 கடைசியில் கிழக்கு நைஜீரியாவில் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஃபீகியிடம் எல்லோருக்கும் குத்த மருந்து இல்லை. நோய் கண்ட வீட்டைத் தேடு, அந்த வீட்டைச் சுற்றியிருப்பவர்களுக்கு மட்டும் குத்து, பரவும் வழியை அடை என்று இறங்கினார். நோய் நின்றுவிட்டது. அதே முறையை 1974இல் பீகாரில் செய்தபோது எண்ணிக்கை குறையாமல் ஏறியது. மாநில அமைச்சர் பொறுமை இழந்து, பழையபடி எல்லோருக்கும் குத்துங்கள் என்றார். அந்தக் கூட்டத்தில் ஓர் இளம் இந்திய மருத்துவர் எழுந்து, எங்கள் ஊரில் ஒரு வீடு பற்றி எரிந்தால் அந்த வீட்டில்தான் தண்ணீர் ஊற்றுவோம், ஊரிலுள்ள எல்லா வீட்டிலும் அல்ல என்றாராம். அமைச்சர் ஒரு மாத அவகாசம் கொடுத்தார். ஃபீகி இதைப் பின்னாளில் மேடைகளில் சொல்லியிருக்கிறார். அந்த இளைஞரின் பெயர் மட்டும் கதையில் இல்லை.

1974 மோசமான ஆண்டு. இந்தியாவில் 1,88,000 பேருக்கு நோய் கண்டது, 31,000 பேருக்குமேல் இறந்தார்கள். டாடாநகர் ரயில் நிலையம் வழியாக அது ஊர் ஊராகப் பயணம் போனது. அந்த மே மாதம்தான் பொக்ரானில் அணுகுண்டு வெடித்தோம். வெளிநாட்டுப் பத்திரிகைகள் இரண்டையும் சேர்த்தே எழுதின. ஆனால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் நோய்கண்ட குழந்தையின் படம் போட்ட அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, "இப்படி யாரையாவது பார்த்தீர்களா?" என்று வீடு வீடாகக் கேட்டார்கள். ஒரு சுற்றில் 10 கோடிக்கும் மேற்பட்ட வீடுகள். தகவல் சொன்னவருக்குப் பரிசுத்தொகை ஏறி ஏறி 1,000 ரூபாய் வரை போனது. 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. அக்டோபரில் வங்கதேசத்தின் போலா தீவில் ரஹீமா பானு என்ற சிறுமி. கொடிய வகை அவளோடு நின்றது. லேசான வகை சோமாலியாவின் மெர்காவில் 1977 அக்டோபரில் அலி மாவ் மாலின் என்ற மருத்துவமனைச் சமையல்காரரோடு நின்றது. நோய்கண்ட இரண்டு குழந்தைகளை ஏற்றி வந்த வண்டிக்கு வழிகாட்ட ஏறியவர் அவர். வலிக்குமென்று பயந்து ஊசி போட்டுக்கொள்ளாமல் தப்பித்திருந்தார். பிழைத்தார். பின்னாளில் ஊர் ஊராகப் போய், என்னைப் போல் பயப்படாதீர்கள் என்று போலியோ சொட்டு மருந்துக்காகப் பேசினார். அந்த வேலையில் இருந்தபோதே 2013இல் மலேரியாவில் இறந்தார்.

மொத்தச் செலவு சுமார் 30 கோடி டாலர். அப்பல்லோவில் எண்பதில் ஒரு பங்கு.

முதல் கேள்விக்கு இது சொல்லும் பதிலைப் பாருங்கள். 1972இல் மெக்காவுக்கும் ஈராக்குக்கும் போய்த் திரும்பிய ஒரே ஒரு யாத்திரிகர் மூலம் யுகோஸ்லாவியாவில் 175 பேருக்கு நோய் பரவி 35 பேர் இறந்தார்கள். 1 கோடியே 80 லட்சம் பேருக்கு ஊசி போட வேண்டியதாயிற்று. சோமாலியப் பாலைவனத்தில் ஒட்டகம் மேய்க்கிறவருக்கு நோய் இருக்கும்வரை லண்டனுக்கும் நிம்மதி இல்லை. யாரையாவது விட்டுவிட்டுச் சாதித்துவிட்டோம் என்று சொல்ல முடியாத சாதனை இது ஒன்றுதான். நிலவுக்கு 12 பேர் போனால் போதும். எழுத்தைச் சிலரோடு வைத்துக்கொள்ளலாம். யூரியா காசுள்ள நாட்டுக்கு முதலில் போகும். இதில் கடைசி ஆள்வரை போனால்தான் முதல் ஆளுக்கே பலன்.

மூன்றாவது கேள்விக்கு வந்தால், நமக்கு ஏற்றிவைத்த வேலை ஒன்றுமில்லை, இருந்த வேலையையும் எடுத்துவிட்டது. என் அம்மாவின் இடது மேற்கையில் நாலணா அளவுக்கு இரண்டு தழும்பு. என் மகளுக்கு இல்லை. அவளுக்கு ஊசியே தேவைப்படவில்லை.

ஆட்சேபங்கள் வலுவானவை. அதிர்ஷ்டம் கைகொடுத்தது: இந்த வைரஸ் விலங்குகளிடம் ஒளிந்திருக்காது, வந்தால் முகத்திலேயே தெரியும், ஒரு தடவை குத்தினால் பல ஆண்டுகள் காக்கும். அப்படி அமையாத மலேரியாவை ஒழிக்க 1955இல் இறங்கித் தோற்றார்கள். ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கடைசிப் பத்தாண்டுக்கு முன் 170 ஆண்டுகள் அதே அதிர்ஷ்டம் சும்மாதான் கிடந்தது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அடுத்தது கசப்பானது. கடைசிக் கட்டத்தில் பீகாரிலும் வங்கதேசத்திலும் ராத்திரியில் கதவை உடைத்து உள்ளே போய், திமிறியவர்களைப் பிடித்து அமுக்கி ஊசி குத்தியிருக்கிறார்கள். அதில் பங்கெடுத்தவர்களே எழுதியிருக்கிறார்கள். அந்த வீட்டுக்காரர்களின் பக்கம் நின்று பார்த்தால் அத்துமீறல்தான். விளைவு நல்லதாக இருந்ததால் அது சரியாகிவிடாது. இரண்டாவது கேள்வியில் பெரியம்மைக்கு நான் முழு மதிப்பெண் போடவில்லை. ஆனால் இப்ர நகரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு வேறு.

மூன்றாவது ஆட்சேபம்தான் என்னை நிறைய யோசிக்க வைத்தது. முடிந்தது என்கிறாயே, முடிந்ததா? 1978இல் பர்மிங்ஹாமில் ஆய்வகத்திலிருந்து தப்பிய வைரஸால் ஜேனட் பார்க்கர் என்ற புகைப்படக்காரர் இறந்தார். இன்றும் இரண்டு இடங்களில் அதிகாரபூர்வமாக இருப்பு உண்டு. அழித்துவிடலாம் என்று உலக சுகாதாரப் பேரவை நாள் குறிப்பதும் ஆராய்ச்சி பாக்கி இருக்கிறது என்று தள்ளிப்போடுவதும் 1990களிலிருந்தே நடக்கிறது. அழித்தாலும் தீராது, இதன் உறவுக்கார வைரஸான குதிரையம்மையை, தபாலில் வரவழைத்த டிஎன்ஏ துண்டுகளை ஒட்டியே கனடாவில் ஓர் ஆய்வுக்குழு செய்து காட்டிவிட்டது. ஆக, மூன்றாவது கேள்வியிலும் ஒரு சின்னப் பாக்கி நிற்கிறது. உலையை அணையாமல் காக்கும் வேலைக்கும் உறைபெட்டியைப் பூட்டிக் காக்கும் வேலைக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் யூரியாவை இரண்டாம் இடத்தில் வைத்தேன். வித்தியாசம் பெரிதல்ல, விவசாயம் பார்க்கும் நண்பர் ஒருவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

என் பரிந்துரை பெரியம்மை. பலகையில் ஆண்டு 1977. உலக சுகாதாரப் பேரவை அறிவித்த 1980 வேண்டாம். படம், நுனி பிளந்த ஊசி, உண்மை அளவிலேயே. அதற்குக் கீழே மெர்கா, போலா, இந்தியாவில் நோய் கடைசியாகத் தென்பட்ட அஸ்ஸாமின் கரீம்கஞ்ச் மூன்றும் தெரியும்படி ஒரு வரைபடம். பார்க்க வரும் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தாத்தா பாட்டியின் கையைப் பார்க்கச் சொல்லி ஒரு வரி. கடைசியில், வைரஸ் இன்னும் அட்லாண்டாவிலும் சைபீரியாவின் கோல்த்சோவோவிலும் உறைபெட்டியில் இருக்கிறது என்பதையும் போட வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று வட்டத்தில் ஒருவர் ஆட்சேபித்தார். அந்த வரியை எடுப்பதென்றால் பலகைக்கு யூரியாவையே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.